ஃபேன் சத்தம்

முனிகிருஷ்ணனைத் தூக்கிப்போன கையோடு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கடைசி வாளித் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிவிட்டு ஸ்வர்ணலதா துடைப்பத்தைச் சாத்தினாள். அப்பாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்த இடுப்பு இனி வளையமாட்டேன் என்றது. துக்கத்துக்காகத் தெருவில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள்.

கூடத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்த அம்மா ரத்னம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"லதா, உங்க நைனா கொரலு உங்கிட்ட இருக்குதில்ல? போடும்மா. என்னைக் கூப்புடற மாதிரி ஏதாச்சும்."

"இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்?" என்றாள் அத்தை கங்கம்மா.

"போடட்டும்."

திருப்பதியில் ஸ்வர்ணலதாவுக்கு, மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சி வேலை. டாக்டர் பட்டம் வாங்கியும், ஒரு பிராஜெக்ட் முடிந்தால் அடுத்ததற்கு அலையும் பிழைப்புதான். சொந்த ஊரான நகரிப் பக்கத்துப் பேச்சு கணினிக்கு ஏறவே இல்லை. அதைப் பழக்க ஆள் தேடியபோது முதலில் வந்து உட்கார்ந்தவர் அப்பா முனிகிருஷ்ணன்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் எழுதிக்கொடுத்ததைச் சலிக்காமல் படித்தார், பாவம்.

லேப்டாப்பைத் திறந்து பதிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"ரேணிகுண்டா பஸ்ஸு எப்ப வரும்?" என்றார் முனிகிருஷ்ணன். "நாளிக்கி மழ வருமா?" என்றார். அப்புறம் வேர்க்கடலை விலை விசாரித்தார்.

"பஸ்ஸை யாரு கேட்டா? எம்பேரு எங்கடீ?"

வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதை வெட்டி எறிவதுதான் ஸ்வர்ணலதாவின் தொழில். அவர் செருமியதை வெட்டினாள். அம்மாவைக் கூப்பிட்டதையும் வெட்டினாள். சுத்தமாக வெட்டுகிறாள் என்று ஆபீசில் நல்ல பேர் வேறு.

உதவாது என்று தள்ளியவற்றைத் துழாவினாள். வெட்டுப்படாமல் ஒன்று கிடந்தது. தட்டினாள். கடகடவென்று ஃபேன் இரைச்சல். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு எரிச்சலோடு அந்தக் குரல்:

"ஏ ரத்னா! எத்தினி வாட்டி சொல்றது? பொண்ணு ரெக்கார்டு பண்ணிக்கினு இருக்கறா இல்ல? ஃபேனை நிறுத்து!"

ரத்னம்மா சட்டென்று எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சுவரோரம் போய் சுவிட்சை அணைத்தாள்.

லேப்டாப்பில் ஓடிய ஃபேன் நின்றது. தலைக்கு மேல் ஓடியதும் மெல்ல நின்றது. ஈரத் தரையிலிருந்து புழுக்கம் கிளம்பியது. கங்கம்மா கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். ஃபேனைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.