புல்வெளியில் கிடந்த கோபங்கள்

அல்மாட்டியில் உருளைக்கிழங்கு கிலோ இருநூறு டெங்கே விற்ற அந்த வசந்தகாலத்தில், நகரத்துக்கு மேலே மலையிலுள்ள புல்வெளிக்கு ஏறிப் போனவர்களின் கோபம் அங்கேயே கழன்று விழத் தொடங்கியது. ஜனவரியில் போராட வந்தவர்களைப் படையினர் தெருத்தெருவாகச் சுட்டுத் தள்ளிய பிறகு, மூச்சுவிட ஊருக்கு இருந்த ஒரே இடம் மலைதான். ஏறிப் போய் உட்கார்ந்து, குடுவையைத் திறந்து ஒரு வாய் தேநீர் குடித்ததும் மார்பிலிருந்து ஏதோ இறங்கும். எழுந்து பார்த்தால், ரொட்டி அளவில் கறுப்பாகச் சூடாக ஒன்று புல்லில் கிடக்கும். அதைச் சுற்றிப் பனி தங்காது. பசுக்கள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும். இறங்கி வந்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். மேலே காற்று நல்ல காற்று என்று பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் அதிகாரிகள். அந்த வேலையில் மட்டும் அவர்களுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். நீதிமன்ற வாசலில் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மார்களில் யாராவது ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனால், திங்கட்கிழமை வாசலுக்கு வருவதில்லை; வீட்டில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். உடனே ஞாயிறுதோறும் இலவசப் பேருந்து விட்டார்கள். ஒரு விளக்குக் கம்பத்தைப் பழுதுபார்க்கக் காசில்லாத நகராட்சிக்கு இதற்கு மட்டும் எங்கிருந்தோ காசு வந்தது. மக்களும் நன்றி சொல்லி ஏறினார்கள், வெட்கமில்லாமல்.

சந்தையில் உப்புத் தயிர் உருண்டை விற்கும் குல்யாஷ் ஏறவில்லை. அவளுடைய தம்பி சாகென், அந்த ஜனவரியில் மூடுபனிக்குள் ரொட்டி வாங்கப் போனவன், பிணமாகத்தான் கிடைத்தான். சுட்டது யார் என்று எவனும் சொல்லவில்லை. சாகெனின் மனைவி அய்மான்தான் முதலில் வாசலில் நின்று அடித்தொண்டையில் கத்தியவள்; காவலர்களே அவளைப் பார்த்தால் பக்கத்துத் தெருவழியே போவார்கள். அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போய் வந்தாள். அதன் பிறகு பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் இறந்தவனுக்காக எண்ணெயில் பொரிக்கும் ஏழு ரொட்டியும் நின்றுபோனது. அவன் பெயரையும் அவள் சொல்வதில்லை.

இரண்டு வருடம் குல்யாஷ் தனியாளாக அந்த வாசலில் நின்றாள். பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் இரண்டு உடைந்தன. சுட உத்தரவு போட்டவனுக்குப் பதவி உயர்ந்தது. கடைசியில், வருகிற வியாழனன்று மனைவி நேரில் வந்து புகார் உண்டென்று சொல்லாவிட்டால் வழக்கை மூடிவிடுவோம் என்றார்கள். அக்காவின் புகார் செல்லாதாம்.

"வாடி, வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"விடுங்க அக்கா. யார் மேலயும் எனக்கு ஒண்ணும் இல்ல. மனசு லேசா இருக்கு. நீங்களும் ஒரு தடவை மேல போயிட்டு வாங்களேன்."

குல்யாஷ் போனாள், பேருந்தில் அல்ல, நடந்து. புல்வெளியை மிதித்ததுமே அவளுடைய மார்பும் இளகத் தொடங்கியது. உட்கார்ந்தால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஆசையில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் உட்காரவில்லை. புல்லில் கறுப்பாகக் கிடந்தவற்றைக் காலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். தட்டினால் அவை உரியவரின் குரலில் திட்டின. பாறை ஓரத்தில் ஒன்று, "யாரது மிதிக்கிறது? கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றது. அய்மானேதான். குல்யாஷுக்குச் சிரிப்பு வந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு. அதைச் சாக்கில் போட்டு முதுகில் சுமந்து இறங்கினாள். முதுகு வெந்துபோயிற்று.

அய்மான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். குல்யாஷ் சாக்கை மேசைமேல் வைத்தாள்.

"இது உன்னோடது. எடுத்துக்கிட்டா தூக்கம் போயிடும். வேணாம்னா சொல்லு, கொண்டுபோய் அங்கயே போட்டுடறேன்."

அய்மான் சாக்கை வெகுநேரம் பார்த்தாள். "அதுல அவர் இருக்காரா?"

"அவன் மட்டுந்தான்டி இருக்கான்."

மாவு ஒட்டிய கைகளாலேயே அய்மான் அதை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டதுபோல் ஒரு சத்தம், பிறகு கைகளில் ஒன்றுமில்லை. முகம் பழைய முகமானது. அடுத்த நொடி, கையில் அகப்பட்ட கிண்ணத்தைச் சுவரில் அடித்தாள்.

"சாகென்!" என்று அலறினாள். "ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷம் என்னைச் சிரிக்க விட்டுட்டீங்களே, அக்கா!"

குல்யாஷ் குனிந்து கிண்ணத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

வியாழக்கிழமை வழக்கு மூடப்படவில்லை. அய்மான் போட்ட கூச்சலில் நீதிபதி தண்ணீர் கேட்டார். சுட்டவன் பெயர் இன்னும் வரவில்லை. இருவரும் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள், இப்போது பின்னால் மற்றவர்களும். அதிகாரிகள் பேருந்தை நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏனென்று சொல்லவேண்டுமே. ஞாயிறுதோறும் சனங்கள் வெறும் சாக்கோடு ஏறிப்போய் நிறைந்த சாக்கோடு வருகிறார்கள். சாக்குகளின் பாரத்தில் இறக்கத்தில் வண்டி நிற்க மறுக்கிறது என்று ஓட்டுநர்கள் முறையிட்டதால், பிரேக் கட்டைகளை இப்போது மாதாமாதம் மாற்றுகிறார்கள்.