பாதி மீசை

மகள் அறைக்குள் நுழைந்தபோது, அத்தை தன் கண்மையால் அப்பாவின் மீசையில் பாதியைக் கறுப்பாக்கி முடித்திருந்தாள்.

"அத்தை! என்ன பண்றீங்க?"

"கத்தாதடி. கடைசியா பார்க்க வர்றவங்க என் தம்பிய கிழவனாவா பார்க்கணும்?"

"அவருக்கு எழுபத்தி நாலு வயசு, அத்தை."

"அதனால என்ன? எனக்கு எழுபத்தேழு. யாராவது சொல்லட்டும் பார்ப்போம்."

யாரும் சொல்லவில்லை. அத்தையை எதிர்த்துப் பேசக்கூடியவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான். அவரும் கட்டிலில், மீசையின் ஒரு பக்கம் முப்பது வயதும் மறுபக்கம் எழுபத்து நாலுமாகப் படுத்திருந்தார். அம்மா மூலை நாற்காலியில் இருந்தாள். விடிந்ததிலிருந்து பேசவுமில்லை, அழவுமில்லை.

பழைய கிட்டார்களுக்கு விலை மதிப்பது அப்பாவின் தொழில். பல் டாக்டர்கள் வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை கிட்டாரின் துளைக்குள் விட்டுப் பார்ப்பார். மூக்கை வைத்து முகர்வார். பிறகு, "எதையாவது மாத்தினீங்களா?" என்பார். கீறல், வெடிப்பு, வியர்வைக் கறை எல்லாவற்றையும் மன்னிப்பார். புது வார்னிஷ் அடித்தவரை மட்டும் மன்னிக்க மாட்டார். "பளபளன்னு ஆக்கிட்டீங்க. பாதி விலை போச்சு." முழங்கால் மாற்று ஆபரேஷனின்போதுகூட, "கழட்டின ஒரிஜினல என்கிட்டயே குடுத்திடுங்க" என்று கேட்டவர்.

அழுக்கை எடுக்க அவர் அனுமதித்தது ஒரே வழி: மஞ்சள் துணியின் நுனியில் கொஞ்சம் எச்சில். "ச்சீ! அந்தக் கையோட சாப்பிட வராதீங்க" என்பாள் அம்மா.

இந்த மீசையோடு அப்பாவை எப்படி அனுப்புவது? மகள் யோசித்துக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் வந்தார். அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கொடுத்தவரே அவர்தான். ஆசையாக வாங்கிய கிட்டாரைப் பார்த்து, "மேல்பலகை மாத்தினது" என்று அப்பா சொல்லிவிட்டதால் ரொம்ப நாள் பேசாமலிருந்தவர். கும்பிட்டார். குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"இது... பின்னாடி அடிச்ச கலர் மாதிரி இருக்கே."

"பாதிதான் ஆச்சு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அத்தை மறுபடி மையைத் திறந்தாள்.

"போதும், அக்கா."

சொன்னது அம்மா. அத்தையின் கை அந்தரத்தில் நின்றது.

"நல்லதுக்குத்தானே பண்றேன்..."

"தெரியும். வார்னிஷ் அடிச்சவங்களும் அதைத்தான் சொல்லுவாங்க."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். "நான் சோப்பு எடுத்துட்டு வரேம்மா."

"சோப்பா!" பல் டாக்டர் பதறிப்போனார்.

அம்மா எழுந்து, தலைமாட்டு மேசையிலிருந்த மஞ்சள் துணியை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, அதன் நுனியை வாயில் வைத்து நனைத்தாள். மீசையின் ஓரத்திலிருந்து மெல்லத் துடைக்க ஆரம்பித்தாள். முடி முடியாக வெள்ளை வெளியே வந்தது.

"அழுத்தாதீங்கம்மா" என்றார் பல் டாக்டர், ரகசியம்போல.

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு மை டப்பாவைக் கைப்பையில் போட்டாள்.

கறுப்பு படிந்த பக்கத்தை மடித்துவிட்டு, துணியில் சுத்தமான இன்னொரு நுனியைத் தேடி எடுத்து, அம்மா மறுபடி வாயில் வைத்தாள்.