ஓகே சொன்னவன்

செழியனுக்குக் கேமரா விஷயம் தெரியும் என்று பிஸ்கட்டவே என்னும் அமெரிக்க ஊரின் தமிழர்களிடையே ஒரு பெயர் உண்டு. வாரநாள்களில் மருந்துக் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவன், சனி ஞாயிறானால் யார் வீட்டு வளைகாப்பு, யார் மகள் அரங்கேற்றம் என்று படம் பிடிக்கப் போய்விடுவான். அந்தப் பெயரை நம்பித்தான் மாரிசாமி அவனைத் தேடி வந்தார்.

மாரிசாமி கோவில்பட்டிக்காரர். வயது ஐம்பத்து மூன்று. எடிசன் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். பதினைந்து வருடமாக முறைப்படி லைசென்ஸ் வாங்கி, வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போகிறவர். தெரிந்த தமிழர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். மீதிப் பேர் டிசம்பரில் மான்கறிக்காக ஒரு டப்பாவோடு அவர் வீட்டுக் கராஜ் பக்கம் வந்து நிற்பார்கள். அவர் இரண்டு கூட்டத்தையும் பொருட்படுத்தியதில்லை. ஆனால் மகள் விஷாகா காலேஜுக்குப் போன இரண்டாம் வருடம், பாலைக்கூடத் தொடாத கட்சியில் சேர்ந்து, அப்பா செய்வது சித்திரவதை என்று சொன்னபோது ஆடிப்போய்விட்டார்.

ஒரு முழு வேட்டையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை படம் எடுத்து அவளிடம் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். விடிகாலைக் குளிரில் மணிக்கணக்காகக் காத்திருப்பது, சரியான கோணம் கிடைக்காவிட்டால் வில்லை இறக்கிவிடுவது, எய்தால் ஒரே அம்பு, மான் கொஞ்ச தூரம் ஓடிப் படுத்துவிடுவது. எல்லாம் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று நம்பினார்.

கேமரா வாங்க இருவரும் ரயிலேறி மன்ஹாட்டன் போனார்கள். கடையில் இருந்த பெரியவர் வேட்டைக்கு என்றதும் ஒரு ஹேண்டிகேமை எடுத்து நீட்டினார். பார்க்க ஆடம்பரமில்லாத சாமான். ஒரே லென்ஸில் நல்ல தூரம் இழுக்கும். ஃபோகஸைக் கையால் திருப்ப அகலமான வளையம் இருந்தது. காட்டுக்குள் தானியங்கி ஃபோகஸை நம்பக்கூடாது, அது மானை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும், கையால் பழகிக்கொள்ளுங்கள் என்று அவர் நிதானமாகச் சொன்னார். செழியனும் தலையாட்டினான். ஆனால் அவன் கண் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. லென்ஸ் மாற்றக்கூடிய புது மாடல். பெரிய சென்சார், சினிமா போன்ற நிறம். இரண்டு வருடமாக அவன் இணையத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கியது.

அரையிருட்டில் எடுக்க இதுதான் லாயக்கு என்று மாரிசாமியிடம் சொன்னான். அதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது வேறு. வேட்டைக்கு வருடத்தில் நாலைந்து நாள்தான் வேண்டும், மற்ற நாளெல்லாம் கேமரா தன்னிடம்தான் இருக்கும், நவம்பரில் வரும் அரங்கேற்றத்துக்கு இதையே கொண்டுபோகலாம். வாங்குவது மாரிசாமி, ஆசை செழியனுடையது. கேமராவோடு, மரத்தில் பட்டை போட்டுக் கட்டும் இரும்புக் கை, குலுங்காமல் திரும்பும் தலை, காற்றிரைச்சலை அடக்க மைக்குக்கு மாட்டும் ரோம உறை, குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால் மூன்று உபரிப் பேட்டரி எல்லாம் வாங்கினார்கள்.

கையால் ஃபோகஸ் பழக அவனுக்கு ஒரு மாதம் இருந்தது. பழகவில்லை.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஹண்டர்டன் பக்கம் மாரிசாமிக்குத் தெரிந்த ஒரு சோயாப் பண்ணையின் ஓரத்துக் காட்டுக்குப் போனார்கள். ஓக் மரம் ஒன்றில் இருபதடி உயரத்தில் இரண்டு இருக்கைகள். மாரிசாமி கீழே, செழியன் இரண்டடி மேலே, இடுப்பில் பாதுகாப்புப் பட்டை. ஏறுவதற்கு முன் மாரிசாமி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். மான் கேமராவுக்குள் இருக்கிறதா, தடையில்லாமல் தெரிகிறதா என்று அவன் பார்க்க வேண்டும். அவன் மெதுவாக ஓகே சொன்ன பிறகுதான் அவர் அம்பை விடுவார். அந்த அரை வெளிச்சத்தில் தன் கண்ணைவிட அவன் லென்ஸ் நன்றாகப் பார்க்கும் என்றார்.

ஏழு மணிக்குச் சற்று முன் ஒரு பெண் மான் வந்தது. இலைகளின் மேல் ஒவ்வோர் அடியாக வைத்து வந்து, முப்பது கஜத்துக்குள் பக்கவாட்டில் நின்றது. மாரிசாமி வில்லை முழுக்க இழுத்துவிட்டார். செழியன் ரெக்கார்ட் அழுத்தினான். திரையில் மான் கலங்கித் தெரிந்தது. ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தது. பிறகு சட்டென்று ஒன்றைப் பிடித்து நின்றது. மானை அல்ல. மானின் நெஞ்சுக்குக் குறுக்கே, அதற்கு ஐந்தாறடி முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குச்சியை. சுண்டுவிரல் தடிமன் இருக்கும். நுனியில் ஒரு காய்ந்த இலை. அந்த இலையின் நரம்புவரை செழியனுக்குத் தெரிந்தது.

மாரிசாமி இழுத்த வில்லோடு காத்திருந்தார். அரை நிமிடம் தாண்டியது. அவர் முழங்கை லேசாக ஆட ஆரம்பித்ததை மேலிருந்து செழியன் கண்டான். விரலால் திரையில் மானைத் தொட்டான். ஃபோகஸ் பின்னால் நகர்ந்தது. குச்சி கரைந்து, இல்லாதது போல் ஆனது. மான் தெளிந்தது. ரோமம், மூச்சின் ஆவி, ஈரமான கண், அதன் பின்னால் மரங்களுக்கிடையே முதல் வெளிச்சம். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு படத்தை எடுத்ததில்லை.

"ஓகே," என்றான்.

அம்பு பாய்ந்தது. ஒரு சின்ன முறிவுச் சத்தம் கேட்டது. மான் முதுகை வளைத்துக்கொண்டு துள்ளி, வாலைத் தாழ்த்தி ஓடியது.

இறங்கிப் போய் அம்பை எடுத்தபோது அதில் ரத்தத்தோடு பச்சையும் ஒட்டியிருந்தது. மாரிசாமி அதை மோந்து பார்த்தார். வயிற்றில் பட்டிருக்கிறது, உடனே துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும், நாலைந்து மணி நேரம் விட வேண்டும் என்றார். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தன் வலது கையை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தார்.

"கை நடுங்கிட்டு தம்பி. எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சது."

குச்சியைப் பற்றிச் செழியன் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தான்கூட. பிறகு, முதலில் மானைக் கண்டுபிடிப்போம், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தான். பதினொன்றரைக்குத் தேட ஆரம்பித்தார்கள். இலையில் ஒரு துளி, பத்தடி தள்ளி ஒரு துளி, ஒரு கல்லில் தேய்த்த மாதிரி ஒரு கறை. ஓடைக்கரைவரை போயிற்று. அதற்கப்பால் ஒன்றுமில்லை. ஓடையின் இரு கரையிலும் இருட்டும்வரை நடந்தார்கள். மாரிசாமி ஒவ்வொரு புதராகக் குனிந்து பார்த்தார். செழியன் பின்னால் கேமரா பையைச் சுமந்துகொண்டு போனான். அதை எங்காவது வைத்துவிட வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டுப் பார்த்தான். எல்லாம் இருந்தது. குச்சி, இலை, அது கரைந்தது, தன் குரல், ஒரு கணம் மங்கலாக ஒடிந்து தெறித்த கோடு, அதில் பட்டுத் திசை மாறிய அம்பு. அன்றே மாரிசாமிக்கு மெசேஜ் அனுப்பினான்: ஃபோகஸ் சரியில்லை அண்ணா, படம் எதுவும் தேறவில்லை. நவம்பர் அரங்கேற்றத்துக்குத் தன் பழைய கேமராவையே எடுத்துக்கொண்டு போனான். மனைவி வான்மதி ஏன் என்று கேட்டதற்குப் புதுசு இன்னும் பழகவில்லை என்றான். அதுவாவது உண்மை.

வேட்டைக்குப் போய் மூன்று வாரம் கழித்து மாரிசாமி ஃபோன் செய்தார். நரம்பு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருப்பதாகவும், வில்லை விற்பதற்கு ஆன்லைனில் போட்டுவிட்டதாகவும் சொன்னார். கை சரியில்லாதவன் வில்லைத் தொடுவது பாவம், விஷாகா சொன்னது சரிதான் என்றார். குரலில் வருத்தம் காட்டவில்லை. செழியனுக்கு அதுதான் தாங்கவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அப்போதே எடிசனுக்குக் காரை ஓட்டினான்.

மாரிசாமியின் சாப்பாட்டு மேசையில் படத்தை ஓடவிட்டான். அவர் மூன்று முறை பார்த்தார். மூன்றாம் முறை, குச்சி தெளிவாகத் தெரிந்த இடத்தில் தானே நிறுத்தினார்.

"இத நீ அப்பவே பாத்தியா?"

"பாத்தேனுங்ணா."

"பொறகு எதுக்கு ஓகே சொன்ன?"

வழியெல்லாம் அவன் யோசித்து வைத்திருந்த காரணங்கள் இருந்தன. இருட்டு, பதற்றம், அவர் கை ஆடியது. எல்லாவற்றையும் விட்டுவிட்டான்.

"படம் நல்லா வந்துச்சுங்ணா. அதனால சொல்லிட்டேன்."

மாரிசாமி எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். திட்டுவார் என்று செழியன் எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் திரும்பினார். மூணு வாரமா நான் தூங்கலை தம்பி என்று மட்டும் சொன்னார். பிறகு, வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மகள் வருகிறாள், நீ வந்து அவளிடம் இதைக் காட்டு, என்ன நடந்தது என்று நீயே சொல்லு என்றார்.

செழியன் போனான். விஷாகா அப்பாவின் மூக்கும் நேர்ப்பார்வையுமாக எதிரே உட்கார்ந்தாள். அவன் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைக்காரர் சொன்னது, தான் ஆசைப்பட்டது, பழகாமல் விட்டது, குச்சி. அவள் அப்பா கையில் தப்பில்லை என்பதை இரண்டு முறை சொன்னான். அவள் படத்தை ஒரே ஒரு முறை பார்த்தாள்.

"டிட் ஷி டை, அங்கிள்?"

"செத்திருக்கும்மா. எப்போன்னுதான் தெரியல."

"ஹவ் லாங் டிட் யூ கைஸ் லுக்?"

"இருட்டற வரைக்கும். அப்பா மறுநாளும் தனியா போய்த் தேடினாராம். எனக்கு நேத்துதான் தெரியும்."

விஷாகா அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது போலிருந்தது. வேட்டையைப் பற்றி அவள் மனம் மாறவில்லை. அதை அங்கேயே சொல்லிவிட்டாள். ஆனால் எழுந்து போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் வலது கை மேசைமேல் இருந்தது. அது நடுங்கவில்லை.

செழியன் கேமராவை, லென்ஸ், பேட்டரிகள், இரும்புக் கை எல்லாவற்றோடும் அவர்கள் கராஜிலேயே வைத்துவிட்டு வந்தான். மாரிசாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிட்டதாகவும் வில்லை விற்கவில்லை என்றும் பிறகு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டான். அடுத்த சீசனில் அவர் தனியாகத்தான் போனார். கோயிலிலோ ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளிலோ எதிர்ப்பட்டால் நின்று இரண்டு வார்த்தை பேசுவார், வான்மதியை விசாரிப்பார். வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்வதில்லை. அவனும் அதை எதிர்பார்ப்பதில்லை.