செவ்வாய்க்கிழமைத் தவளை

அக்டோபர் 14, செவ்வாய். குட்டையை முதலில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தவளைக் குரலைப் போட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இன்று சுற்றவில்லை. கரையெல்லாம் சேறு, காலில் புது சாக்ஸ். சின்னத் தவறுதான், ஆனாலும் எழுதிவைக்கிறேன். மற்றதை எழுதக் கை ஓட மாட்டேன் என்கிறது. பதில் வந்தது.

கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே டாம்சின் இரட்டைக் கோடு போட்டிருந்தாள். எதற்கும் கோடு போடுகிறவள் இல்லை அவள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனவள், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். பகலில் டயர் கடையில் தொலைபேசி எடுப்பாள். திங்களும் வியாழனும் மாலையில் இயற்கைப் பாதுகாப்பு வகுப்பு. தினமும் பார்த்ததை எழுதுங்கள் என்று முதல் வகுப்பில் சொன்னபோது எல்லோரும்தான் நோட்டு வாங்கினார்கள். இரண்டாவது வாரத்தில் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தினால் ஏதோ ஒன்று தப்பிப் போய்விடும் என்ற பயம்.

குட்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மெல்பர்னின் வடக்கில், கால்பந்து மைதானத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில், எப்போதோ கருங்கல் வெட்டியெடுத்த பள்ளம். மழை நிரப்பியது, கோரை முளைத்தது, வாத்து வந்தது. ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில் கார் நிறுத்த இடமில்லாமல் ஊரே சண்டை போடுவதால், அதை மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடலாம் என்று நகராட்சி முடிவுக்கு வந்திருந்தது. வருகிற புதன்கிழமை வாக்கெடுப்பு. நாணலையும் வாத்தையும் காட்டி யாரையும் நிறுத்த முடியாது. உறுமல் தவளை இருந்தால் நிறுத்தலாம். அரிதாகிப்போன இனம், அது குடியிருக்கிற தண்ணீரில் ஒரு கூடை மண் கொட்டக்கூடச் சட்டம் விடாது. இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற வழி வேடிக்கையானது. பொழுது சாயும் நேரத்தில் ஆண் தவளையின் குரலைப் போனில் போட்டுக் காட்ட வேண்டும். தன் எல்லைக்குள் வேறொருவன் வந்து உறுமுவதை எந்த ஆண் தவளையும் பொறுத்துக்கொள்ளாது. இருந்தால் திருப்பி உறுமும். பழைய மோட்டார் சைக்கிள் கியர் மாற்றுவது மாதிரி இருக்கும் சத்தம்.

செவ்வாய்க்கிழமை டாம்சின் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நிமிடம் போட்டாள். அடங்கிக் காத்திருந்தாள். எதிர்க்கரைக் கோரைக்குள்ளிருந்து மூன்று உறுமல் வந்தது. போனில் ஒலிப்பதிவை அழுத்தினாள். சரிபார்க்க இன்னொரு தடவை போட்டாள். மறுபடியும் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் அவள் கையை மீறி ஓடியது. பதிவை, குட்டையைக் காப்பாற்றும் குழுவை நடத்துகிற லொரெயினுக்கு அனுப்பினாள். லொரெயின் பிக்ஃபர்ட் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் குரலுக்கு இன்றைக்கும் நாற்பது பிள்ளைகள் வாயை மூடுவார்கள். மறுநாள் காலை போனில் கத்தினாள்: "கண்ணு, உன்னோடது மட்டுமில்ல! இன்னொரு பையனும் பதிவு அனுப்பியிருக்கான்! ரெண்டு பேரு, ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது! இதுக்கு மேல சாட்சிக்கு அந்தத் தவளையே வந்து கையெழுத்துப் போடணுமா?" வெள்ளிக்கிழமைக்குள் நகராட்சி, தீர்மானத்தைத் தள்ளிவைக்க யோசிப்பதாகச் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை, இரும்புச் சாமான் கடை வாசலில் குழுவுக்கு நிதி திரட்ட சாசேஜ் சுட்டு விற்கிற முறை. கூடாரத்துக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டே மழையும் தூறியது. டாம்சின் கல்லில் வெங்காயம் வதக்கினாள். லொரெயின் பச்சைத் தவளை வரைந்த பேட்ஜுகளை ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் செய்து வந்திருந்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் சட்டையில் எல்லாம் குத்தினாள். பெயின்ட் வாங்க வந்த ஒருவன், "எனக்கு வேணாம்மா, நான் மைதானத்துக்குக் கார்ல போறவன்" என்று ஒதுங்கினான்.

"அப்ப உனக்கு ரெண்டு" என்று இரண்டாகக் குத்தி அனுப்பினாள் லொரெயின்.

டாம்சினுக்கு அன்று எதிலும் நிலைகொள்ளவில்லை. சந்தோஷம்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் சுற்றாமல் விட்ட அந்த ஒரு சுற்று அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அப்போது, முட்டி வரை சிமென்ட் தூசியோடு ஒருவன் வரிசையில் வந்து நின்றான். லொரெயின் அவன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "டாம்ஸ், பாரு! இவன்தான் கோஸ்டா. உன்னோட ரெண்டாவது சாட்சி. குழாய் வேலை பார்க்கிறான். உங்க வகுப்புத்தானாம், புதன்கிழமைக் கும்பல்."

"ஓ, டயர் கடைப் பொண்ணு நீதானா?" என்றான் கோஸ்டா. "வெங்காயத்தை மேலயே போடு. கீழ போட்டுத் தர்றவங்களை நான் நம்பறதில்ல."

"நீ எங்கேர்ந்து கேட்ட?" என்றாள் டாம்சின்.

"செவ்வாய்க்கிழமை. தொழிற்சாலைச் சந்துல வேலி ஓட்டையா இருக்குல்ல, அது வழியா உள்ள போனேன். வேலைக்குத் தூக்கிட்டுப் போற பெரிய ஸ்பீக்கர். இறக்கி வைக்கும்போதே மெல்லிசா ஒரு உறுமல். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் போட்டேன். பட்டுனு பதில்! அந்தப் பக்கம் ஒரு உடைஞ்ச பெஞ்சு இருக்கு பாரு, சரியா அங்கேர்ந்து. அதுக்கு என்னா தைரியம்!"

கிடுக்கி டாம்சின் கையில் அப்படியே நின்றது. கல்லில் வெங்காயம் கருகத் தொடங்கியது.

"அந்த பெஞ்சுல" என்றாள் தாழ்ந்த குரலில், "நான் உட்கார்ந்திருந்தேன்."

கோஸ்டாவின் வாய் சாசேஜை மெல்லுவதை நிறுத்தியது. ரொட்டியிலிருந்து ஒரு வெங்காயத் துண்டு நழுவி அவன் பூட்ஸில் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் லொரெயினைப் பார்த்தார்கள். அவள் ஒரு குழந்தையின் முன்னால் குனிந்து பேட்ஜ் குத்திக்கொண்டிருந்தாள்.

"வாயைத் திறக்காத" என்றான் கோஸ்டா.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயே திறக்கவில்லை. இரண்டு மனிதர்கள் ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்து, தவளை மாதிரி ஒருவருக்கொருவர் உறுமி, ஒருவரை ஒருவர் நம்பிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அறைக்குத் திரும்பியதும் டாம்சின் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் பதிவைக் காதில் மாட்டிக் கேட்டாள். மூன்று உறுமல், மூன்றாவதன் வாலில், வெகு தூரத்தில், ஒரு நாய் இரண்டு முறை குரைத்தது. அன்றைக்கே கேட்டிருந்தாள். தெருவில் எங்கோ நாய் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது வகுப்பில் எல்லோருக்கும் இறக்கித் தந்த அந்தத் தவளைக் குரலைப் போட்டாள். மூன்று உறுமல். பிறகு நாய். இரண்டு முறை. எந்த ஊர் நாயோ, யார் வீட்டு நாயோ, என்றைக்கோ யாரோ பதிவு செய்தபோது குரைத்த நாய், செவ்வாய்க்கிழமை அவளுடைய குட்டைக்கு வந்து குரைத்துவிட்டுப் போயிருக்கிறது.

எழுந்தாள், உட்கார்ந்தாள். பாத்திரம் துலக்கினாள். துலக்கியதையே மறுபடி துலக்குவதைப் பார்த்து, உடன் தங்கியிருக்கிறவள் என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? குட்டை பிழைக்கும். வாத்து, கோரை, நீள்கழுத்து ஆமை, கட்டைவிரல் நகமளவு சின்னத் தவளைகள், எல்லாம் பிழைக்கும். யாருக்கு நஷ்டம்? சொன்னால்? புதன்கிழமை மண் லாரிக்கு வழி திறக்கும். இனி இந்தக் குழு எதைச் சொன்னாலும், "போன வாட்டித் தவளை மாதிரியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தக் குழந்தையின் சட்டையில் இருக்கும் பேட்ஜ் நினைவுக்கு வந்தது. ஒரு சுற்று. ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தால், வேலி ஓட்டையருகே ஸ்பீக்கரோடு குந்தியிருந்தவனைப் பார்த்து, "நீ என்னடா பண்ற இங்க?" என்று கேட்டிருப்பாள். அத்தோடு முடிந்திருக்கும். லொரெயினுக்கு ஒரு செய்தி தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். அனுப்பாமலே தூங்கிப்போனாள். தூக்கத்திலும் அந்த நாய் குரைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை கோஸ்டாவைக் குட்டைக்கு வரச் சொன்னாள். வந்தான். இந்த முறை மைதானத்துப் பக்கமாகவே வந்தான், கையை வீசிக்கொண்டு.

"இங்க பாரு டயர்" என்றான், பெஞ்சில் உட்காராமலே. "நான் யோசிச்சிட்டேன். நாம பொய் சொல்லல. கேட்டதைத்தான் சொன்னோம். நீ ஒரு உறுமல் கேட்ட, நான் ஒரு உறுமல் கேட்டேன்."

"நான் கேட்டது உன்னை."

"அது தவளைக்குத் தெரியுமா? நகராட்சிக்குத் தெரியுமா? அவனுங்க மட்டும் யோக்கியமா? பார்க்கிங் போதலன்னு எண்ணிப் பார்த்தானுங்களா?"

"அவங்க எண்ணலங்கிறதுக்காக நானும் எண்ணாம விடணுமா?"

"எண்ணு, எண்ணு. எண்ணிக்கிட்டே இரு. மேல மண்ணைக் கொட்டிடுவான்." கல்லை எடுத்துத் தண்ணீரில் எறியப் போனவன், என்ன நினைத்தானோ, மெதுவாகக் கீழே வைத்துவிட்டான். "எங்க வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி. எங்கப்பா காபிக் கடை முழுக்கத் தமுக்கடிச்சிட்டாரு, என் மவன் தவளை கண்டுபிடிச்சான்னு. ஜென்மத்துல மொத தடவையா என்னைப் பத்தி நல்லதா பேசறாரு மனுஷன். இப்போ போயி, அப்பா, அது டயர் கடைப் பொண்ணுன்னு சொல்லவா?"

டாம்சினுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. சிரித்து முடித்தபோது குட்டையின் மேல் வெளிச்சம் குறைந்திருந்தது. அவள் எழுந்தாள்.

"வா, ஒரு சுத்து சுத்தலாம்."

"இப்ப எதுக்கு?"

"அன்னைக்குச் சுத்தல."

சேறு கணுக்காலுக்கு ஏறியது. கோஸ்டா வழுக்கி ஒரு கையை ஊன்றி, தன் பூட்ஸின் பரம்பரையைத் திட்டினான். கோரைக்குள் யாரும் இல்லை. வேலி ஓட்டையருகே ஸ்பீக்கர் வைத்த சதுரம் புல்லில் இன்னும் அழுந்திக் கிடந்தது. பெஞ்சுக்குத் திரும்பியதும் டாம்சின் தன் போனை அணைத்து, அவன் போனையும் வாங்கி அணைத்து, இரண்டையும் கழற்றிய தன் சாக்ஸுக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"இது எதுக்கு?"

"சும்மா உட்கார்ந்து கேட்போம். எதையும் போடாம."

கேட்டார்கள். முதலில் சின்னத் தவளைகள், சீப்பின் பல்லை நகத்தால் கீறுவது போல. பிறகு எங்கோ தாழ்ப்பாள் போடும் சத்தம். வளைய நெடுஞ்சாலையின் ஓயாத இரைச்சல், அது இந்த ஊரின் கடல். ஒரு வாத்து தண்ணீரில் இறங்கி, யோசித்து, ஏறியது. டாம்சின் எதையும் நம்பக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க பைக்குகள் வந்துபோகிற கடையில் இருக்கிற காது அது. அதை நம்பித்தானே ஊரையே கூட்டினாள்.

அப்போது வந்தது. ஒரே ஒரு முறை. உறுமி, கொஞ்சம் இழுத்து, கியர் மாற்றி, நின்றது.

இருவரும் சட்டென்று ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். கோஸ்டா வாயைத் திறக்காமல் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினான். ஒன்றுமில்லை. அவளும் தூக்கிக் காட்டினாள். முடிச்சுப் போட்ட சாக்ஸ் நடுவில் அசையாமல் கிடந்தது.

"டயர்" என்றான் மூச்சடைக்க. "சொல்லவே வேணாம். இருக்கு. நிஜமாவே இருக்கு."

"நாய் குரைக்கல" என்றாள் அவள். அவனுக்கு அது புரியவில்லை. "ஆனா நெடுஞ்சாலைல பைக்கும் போகுது, கோஸ்டா."

"பைக்கா? அது கோரைக்குள்ளேர்ந்து வந்துச்சு!"

"போன வாட்டியும் கோரைக்குள்ளேர்ந்துதான் வந்துச்சு."

அவன் கையை இறக்கவில்லை. மறுபடி வருமா என்று, இருட்டிக்கொண்டு வந்த தண்ணீரை நோக்கி, சரணடைந்தவர்கள் மாதிரி இருவரும் கைகளைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு. குட்டையைச் சுற்றினோம். ஆள் இல்லை. எதையும் போடவில்லை. ஒரு சத்தம், ஒரு முறை. தவளையா பைக்கா தெரியவில்லை. பதிவு செய்யவில்லை, போன் சாக்ஸுக்குள் இருந்தது. இன்றைய தவறு அது.

நாளை: கடைக்குப் போகும் முன் லொரெயின் வீட்டுக்குப் போய், செவ்வாய்க்கிழமைத் தவளை நாங்கள்தான் என்று சொல்ல வேண்டும். கோஸ்டா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. மாலையில் வகுப்புக்குப் போகாமல் மறுபடி குட்டை. முதலில் ஒரு சுற்று. பழைய சாக்ஸ் எடுத்துவைக்க வேண்டும்.