ஐந்துக்கு ஆறு போட்டவள்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லொரெட்டா புல்லுக்கு மார்க் போடக் கிளம்புவாள். ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் புல் பண்ணை அது. நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் உரங்களைக் கட்டம் கட்டமாகப் போட்டு, எது அதிக நாள் பச்சை காக்கிறது என்று ஒப்பிடுவார்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க், கண்தான் அளவுகோல். ஆறு வந்தால் பாஸ். எந்தக் கட்டத்தில் எந்த உரம் என்ற வரைபடத்தை மார்க் போடுகிறவர் பார்க்கக் கூடாது. இருபத்திரண்டு வருடம் லொரெட்டா அதைத் தொடாமலே இருந்தாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

போன வருடம் ஜூனில் உரக் கம்பெனிக்காரன் டாட், அவளையும் கணவனையும் ஏரிக்கரையில் இருந்த தன் கேபினுக்கு மீன் பிடிக்க அழைத்தான். இரண்டு நாள் வறுத்த மீனும் பியரும் சிரிப்புமாகப் போனது. உரத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டிக்காரன்!

ஆகஸ்டில், உரம் போட்ட பத்தாவது வாரம், லொரெட்டா வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். டாடின் உரம் போட்ட நாலு கட்டமும் வெளுத்திருந்தன. கண் ஐந்து என்றது, கை ஆறு என்று எழுதியது. ஒரு மார்க்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த இரண்டு வாரமும் அப்படியே. பண்ணை வெளியிட்ட அறிக்கையில் டாடின் உரத்தைப் பற்றி, 'ஒருமுறை போட்டால் பன்னிரண்டு வாரம் தாங்கும்' என்று வந்தது.

இந்த செப்டம்பரில் வெர்னன் ஸ்டக்கி வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஃபுட்பால் மைதானத்தைப் பராமரிப்பவர். அவர் கொண்டுவந்த வாளியில், மைதானத்திலிருந்து வெட்டி எடுத்த புல்துண்டு வைக்கோலாகக் கிடந்தது.

"உங்க ரிப்போர்ட்ட நம்பித்தான் மேடம் ஜூன் நடுவுல அந்த உரத்தப் போட்டேன். ஆகஸ்ட்லயே வெளுத்துடுச்சு. நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன். உரம் தூவுற வண்டிய மூணு தடவை கழட்டிப் பாத்துட்டேன்."

"வண்டில ஒண்ணும் இருக்காது, வெர்னன்."

"அப்ப தண்ணி கூடிடுச்சோ? திங்கக்கிழமை ஸ்கூல் போர்டு கூட்டம். என்னை அனுப்பிட்டு வெளியாளப் போடலாம்ங்கிறாங்க. பசங்க மண்ணுல விழுந்து முட்டி பேந்து வர்றாங்க, பாக்க முடியல. உங்க புல்லு ஆறு வாங்கியிருக்கு, என் புல்லு வாங்கல. தப்பு எங்கிட்டதானே? மன்னிச்சுக்குங்க, உங்க நேரத்தையும் வீணாக்குறேன்."

மன்னிப்புக் கேட்டது அவர். லொரெட்டாவுக்கு முகம் காந்தியது. வாளியைப் பார்க்கவே கூசியது.

"உங்க தப்பு இல்ல. இங்கயும் அது அஞ்சுதான் வாங்குச்சு. நான் ஆறுன்னு எழுதினேன்."

"ஏன்?"

"அவன் வீட்டுல ரெண்டு நாள் மீன் சாப்பிட்டேன்."

வெர்னன் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரு மாசமா என் கையைத்தான் நான் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்றே லொரெட்டா, பண்ணையை நடத்தும் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னாள். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அவளுடைய மார்க் போடும் வேலையும் போனது. திங்கட்கிழமை அந்த வாளியோடு ஸ்கூல் போர்டு முன்னால் போய் நின்றாள். வெர்னன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அவரு செஞ்சதெல்லாம் சரி. பொய் மார்க் போட்டது நான். லஞ்சம்னு யாரும் எனக்கு எதுவும் தரல, சிரிச்சுப் பேசி சாப்பாடுதான் போட்டாங்க. அது லஞ்சம்னு தெரியாத மாதிரி நான் இருந்துட்டேன். நாம தின்ன விருந்துக்கு, நம்மள நம்பின ஒருத்தர் எங்கயோ தண்டனை அனுபவிக்கிறாரு. அதுவும் தன்னோட தப்புன்னு நெனச்சுக்கிட்டு."