கணக்கில் சேராத கூச்சல்

இருளம்மாளுக்கு வாய் அதிகம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நர்ஸ் சொன்னாள், டாக்டர் சொன்னார், என் அண்ணனும் சொன்னார். நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு தடவை அந்தம்மாள் கத்துவதைக் கேட்டுவிட்டு வந்து, "அது வாயா, மில்லுச் சங்கா?" என்று வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இன்று அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

என் பெயர் நூர்பானு. என் வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார், நான் பிள்ளைகளோடு இராஜபாளையத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் பக்கீர் முகமது, பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் ஒன்றில் மேஸ்திரி. தறி மக்கர் பண்ணினால் ஓட்டி வைப்பது, இழைகளைப் பிரித்து நிறுத்துகிற அச்சை மாற்றுவது, இழை நெருக்கம் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தெலுங்கு பேசுகிற ராஜாக்கள் சமூகத்து முதலாளி, அண்ணனைக் கேட்காமல் ஒரு தறி மீதும் கை வைக்க மாட்டார். அந்த மேஸ்திரியின் மனைவிக்குத்தான், என் ஜெய்னப் மதினிக்குத்தான், மார்பில் புற்றுநோய் வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வருஷம் மூடி மறைத்துவிட்டாள். மதுரைக்குக் கொண்டுபோனபோது, இனி ஆபரேஷனால் பிரயோஜனம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கட்டி உடைந்து ஆறாத புண்ணாகிவிட்டது.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்பாண்டி என்று ஒரு டாக்டர் இருந்தார். சேத்தூரில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. எல்லா ஆஸ்பத்திரியும் இனி முடியாது என்று அனுப்பிவிடுகிற நோயாளிகளை, "வாங்க, நோயை விரட்ட முடியாட்டாலும் வலியையாவது விரட்டுவோம்" என்று கூப்பிட்டு வைத்தியம் பார்த்தார். ஒரு பழைய வீட்டில் பத்துப் பன்னிரண்டு கட்டில், நர்ஸ் இசக்கியம்மாள், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. இந்த மாதிரி வைத்தியம் என்று ஒன்று இருப்பதே அந்தத் தொண்ணூற்று ஒன்று, தொண்ணூற்று இரண்டில் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. சாகப் போகிறவர்களுக்கு எதற்கு டாக்டர் என்று அவரைக் கேலி பேசியவர்கள் உண்டு.

வாரத்தில் இரண்டு நாள் அண்ணனும் மதினியும் டவுன் பஸ் ஏறி அங்கே போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருவார்கள். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். அறையின் குறுக்கே ஒரு பச்சைத் துணித் திரை. உள்ளே இரண்டு கட்டில். ஒன்றில் மதினி, பக்கத்துக் கட்டிலில், அங்கேயே தங்கியிருந்த இருளம்மாள். அவளுக்கும் மார்பில்தான் புண். ஐம்பது வயதிருக்கும், சேத்தூர்க்காரி, மகன் போலீசில் இருந்தான். ஆம்பளைகள் திரைக்கு வெளியே நிற்க வேண்டும். இசக்கியம்மாள் மதினியின் பழைய கட்டைப் பிரித்தாள். புண்ணோடு காய்ந்து ஒட்டிப்போன துணி, மருந்துத் தண்ணீர் ஊற்றினாலும் விடவில்லை. இழுத்தபோது மதினி "யா அல்லா!" என்று அலறிய அலறல் தெருவரை கேட்டது. வெளியே நின்ற அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் கொண்டுவந்து போட்ட ரத்தத் துணியை அவர் கிண்ணத்தில் பார்த்தார். நெய்தவனுக்குத் தன் துணி தெரியாதா?

"சார், இது எங்க கூடத்துத் துணி," என்றார் டாக்டரிடம். "நான் ஓட்டுன தறி. இதுதான் எம் பொண்டாட்டி சதையப் பிய்க்குது."

"எல்லாத் துணியும் அப்படித்தான் பாய்," என்றார் டாக்டர். "ஒட்டாத துணி வெளிநாட்டுல இருக்கு. நமக்குக் கட்டுப்படியாகாது. உங்க தறியில நீங்களே ஒரு துணி நெஞ்சு தாங்களேன். நான் புண்ணு எப்படின்னு சொல்றேன், நீங்க துணி எப்படின்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

அப்படித்தான் தொடங்கியது. டாக்டரும் தறி மேஸ்திரியும் கூட்டுச் சேர்ந்து ஆராய்ச்சி! அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. சீழ் தேங்காமல் வடிய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், மெல்லிய நூலில் இழையை நன்றாக விலக்கி நெய்தார். அதைத் துண்டு துண்டாக வெட்டி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, வாசலினை உருக்கி ஊற்றினார். வீடெல்லாம் வாசலின் நாற்றம். இசக்கியம்மாள் அதை ஆவியில் வேகவைத்துக் கிருமி இல்லாமல் ஆக்கிக்கொள்வாள். டாக்டர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: வீட்டில் யாரும் கட்டைத் தொடக்கூடாது, இசக்கியம்மாளின் ஒரே கைதான் மாற்ற வேண்டும், அப்போதுதான் துணியின் குணம் தெரியும். அதனால் எனக்குப் புண்ணைப் பார்க்கிற வேலையே இல்லாமல் போயிற்று.

புதுத் துணி போட்டு முதல் தடவை பிரித்த அன்று அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தார். கையில் பால்கோவாப் பொட்டலம்.

"நூரு, ஒரு முனகல் கூட இல்லம்மா! நான் வெளியதான நின்னேன். பேச்சு மூச்சில்ல. வலிக்குதான்னு நர்ஸ் கேக்குறாக, இல்லன்னு சொல்லுதா."

மதினி பின்னால் மெதுவாக வந்து படுத்துக்கொண்டாள். "என்ன மதினி, மெய்தானா?" என்றேன். "அவிய நெஞ்ச துணியில்ல, வலிக்குமா?" என்று சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நினைத்துப் போர்த்திவிட்டேன்.

டாக்டர் வேறு சில நோயாளிகளுக்கும் அந்தத் துணியைப் போட்டார். "எப்படி இருக்கு?" என்று அவரே போய்க் கேட்பார். காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிற டாக்டர் கட்டில் பக்கம் வந்து நின்று கேட்டால், நம் ஊரில் எவன் நன்றாக இல்லை என்று சொல்வான்? "தேவல சார்" என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இருளம்மாள் ஒருத்திதான் கத்தினாள்.

"ஏ இசக்கி, நீ கையில என்ன அரிவாளா வச்சிருக்க? எந்தக் கட்டையில போறவன் நெஞ்சான் இந்தத் துணிய? பிச்சுக்கிட்டு வருதே, பிச்சுக்கிட்டு வருதே!"

கட்டையில் போகிறவன் திரைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பழைய துணிக்கு இத்தனை கத்தியதில்லை அவள். மதினியின் கட்டைப் பிரிக்கிற நேரத்திலும் விடாமல் கத்தினாள் என்றால் பாருங்கள்! "ஏக்கா, உங்களுக்குத்தான் முடிஞ்சிருச்சே, பொறவு என்ன?" என்று நர்ஸ் அதட்டுவாளாம்.

டாக்டருக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், அவர் மோசமான மனுஷர் இல்லை.

"பாய், ஓட்டை பெருசாயிருச்சோ? புண்ணுச் சதை அதுக்குள்ள வளந்து மாட்டிக்கிடுதோ என்னமோ. இழையக் கொஞ்சம் நெருக்கிப் பாப்பமா?"

"நெருக்கிரலாம் சார். அச்சு கூடத்துலயே கெடக்கு, ஒரு நாள் வேலை," என்றார் அண்ணன். "ஆனா ஜெய்னப்புக்கு வலிக்கலையே சார். ஒரே இடத்துல புண்ணு, ஒரே துணி. அவ சத்தங்காட்டாம இருக்கா, இந்தம்மா ஊரைக் கூட்டுது. அது துணியோட கோளாறா, வாயோட கோளாறா?"

"அதுஞ்சரிதான்," என்றார் டாக்டர். "ஊசின்னாலும் கத்துது, சாம்பார்ல உப்பில்லன்னாலும் கத்துது. அதைக் கணக்குல சேத்தா ஆராய்ச்சி கெட்டுப்போகும்."

அவ்வளவுதான். இருளம்மாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய துணியையே அவளுக்குப் போடச் சொல்லிவிட்டார்கள். படித்தவரும் சரி, தறி தெரிந்தவரும் சரி, உண்மையைச் சொன்ன ஒரே ஆளைப் பார்த்துத் தள்ளினார்கள். அவளை நர்ஸ் வேறு அறைக்கு மாற்றியபோது, திரைக்குள் மதினி தனியாகிவிட்டாள்.

அந்த நாட்களில், வெளியே போகும்போது மதினி போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டியை நான்தான் துவைத்துப் போடுவேன். ஒரு முனை முழுக்கச் சல்லடை மாதிரி பொத்தல்.

"பெட்டிக்குள்ள எலி புகுந்திருக்கு மதினி. நல்ல துப்பட்டிய நாசம் பண்ணிட்டு."

"ஆமா நூரு," என்றாள் மதினி. "பெரிய எலிதான். பிடிக்க முடியாது, விடு."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் பொறி வாங்கி வைத்தேன்.

டாக்டர் மதுரையில் ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் இந்தத் துணியைப் பற்றி வாசித்தார். கைதட்டினார்களாம். அண்ணன் பெயரையும் சொன்னாராம். அதைக் கேட்டு மதினிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "மதுரையில அவிய பேரு வந்துட்டு பாத்தியா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மவுத்தாகிவிட்டாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்ததும், "இருளம்மாக்காவுக்குச் சோறு கொண்டு போவோம். ஜெய்னப்பு கூடப் படுத்துக் கெடந்தவ," என்றார் அண்ணன். தூக்குச் சட்டியில் நெய்ச்சோறும் தால்சாவும் எடுத்துக்கொண்டு நானும் போனேன். இருளம்மாள் பாதியாக இளைத்திருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"ஏ பாயி, ஒண்ணு சொல்லணும். அவ இருக்கையில சொல்லக்கூடாதுன்னு எங்கையப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. இப்ப அவளே போயிட்டா."

"சொல்லுங்கக்கா."

"உம்ம துணி பழசுக்குக் கொஞ்சம் தேவலதான், இல்லங்கல. ஆனா வலிச்சது. எனக்கு வலிச்ச மாதிரியே அவளுக்கும் வலிச்சது. மூஞ்சியத் துப்பட்டியால மூடிக்கிடுவா. பாயம்மா கூச்சப்படுதுன்னு இசக்கி நெனச்சா. நான் பக்கத்துக் கட்டில்ல இருந்து பாத்தேன்யா. துப்பட்டி முனைய வாய்க்குள்ள திணிச்சுக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பா. கண்ணுல தண்ணி ஓடும். வலிக்குதான்னு இசக்கி கேட்டா, வாயில இருந்து துப்பட்டிய எடுத்துட்டு, இல்லம்பா. ஏட்டி, வாயத் தொறந்து அழுதா என்னட்டின்னு கேட்டேன். அவிய தூங்காம நெஞ்ச துணி அக்கா, வெளிய நிக்காக, கேட்டா மனசு விட்டுப்போகும்னா."

எனக்குத் துப்பட்டியின் பொத்தல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. எலிப்பொறி வைத்த என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"அதான் நான் கத்துனேன்," என்றாள் இருளம்மாள். "எனக்கும் கத்துனேன், அவளுக்கும் சேத்துக் கத்துனேன். கத்துனா துணிய மாத்துவீகன்னு பாத்தேன். என்னையத் தள்ளி வச்சிட்டீக."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆலங்குளத்துச் சிமெண்ட் மூட்டைக்காரர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "ஒரு நாள் வேலை நூரு." வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. ஊருக்கெல்லாம் இழை பார்த்துச் சொல்கிற மனுஷனுக்கு, ஒரு திரையை விலக்கிப் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லையே! மதினி மேலும் ஆத்திரம்தான். பாசம் என்றால் இப்படியா வாயைக் கட்டிக்கொள்வது? செத்தவளைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாளே அண்ணன் அச்சை மாற்றி இழையை நெருக்கி நெய்தார். வாசலினைக் கெட்டியாகத் தோய்த்தார். டாக்டர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தான் வாசித்தது தப்பு என்று மதுரைக்கு எழுதிப் போட்டார். பிறகு இருளம்மாளிடம் போய், "உங்களத்தான் மொதல்ல கேட்டிருக்கணும். இன்னொரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். "போடும், போடும். வாய் இருக்குல்ல, பாத்துக்கிடுவோம்," என்றாள் அவள்.

புதுக்கட்டைப் பிரிக்கிற அன்று நானும் போனேன். இருளம்மாளைப் பழைய அறைக்கே கொண்டுவந்திருந்தார்கள். அதே பச்சைத் திரை. அண்ணன் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார். உள்ளே கத்தரி கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. செத்த நேரம் காத்திருந்தோம். ஒரு முனகல் கூட வரவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் திரைக்கு நெருங்கிப் போனார்.

"அக்கா, வலிக்குதா?"

"இல்லய்யா."

"மெய்யாச் சொல்லுங்க."

"மெய்யாத்தான் சொல்லுதேன். வழுக்கிக்கிட்டு வந்துட்டு."

"அக்கா..." அண்ணன் திரை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "வாயில துணி வச்சிருக்கீகளா?"

உள்ளே இருந்து இருளம்மாளின் குரல் வந்தது. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"இல்லய்யா. நீரே உள்ள வந்து பாரும்."

அண்ணன் திரையை விலக்கி உள்ளே போனார். அத்தனை மாதத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் போனார். இருளம்மாள் நெஞ்சின் மேல் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெற்றிலைக் கறை படிந்த வாயை அகலத் திறந்து அவருக்குக் காட்டினாள். அவர் குனிந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.