ஐந்து இன்ச்சும் பத்து இன்ச்சும்

மனித நாகரிகம் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் கடைந்தெடுத்த நாகரிகம். லேத் இல்லையேல் திருகாணி இல்லை. திருகாணி இல்லையேல் உலகமே கழன்று விழுந்திருக்கும். ஓய்வுபெற்ற ஆடிட்டர் இந்த உண்மையைக் குளியலறையில், ஒழுகும் குழாய்க்கடியில் வாளியை நகர்த்தி வைத்தபடி வெளியிட்டார்.

"லேத் மட்டும் வரட்டும். இந்தக் குழாய்க்கு வேண்டியதை நானே கடைஞ்சு போடுறேன்."

"எந்த லேத்துன்னு சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க," என்றார் மனைவி. "இல்லேன்னா பின்னறையில என் தையல் மெஷினைப் போட்டுக்குவேன். சாப்பிடுற மேசையில தைச்சுத் தைச்சு, தட்டுல ஊசி கிடக்குமோன்னு பயமா இருக்கு."

பின்னறையை விட்டால் ஆடிட்டருக்குப் போக்கிடமில்லை. ஓய்வுக்குப் பின் வீட்டில் அவருக்கென்று மிஞ்சியது ஒரு நாற்காலி. அதன் முதுகிலும் யாருடைய ஈரத்துண்டாவது காயும்.

ஆனால் எந்த லேத்? பழசு வாங்கு, அந்தக் கால இரும்பு என்றார் ஒருவர். பழசென்றால் தேய்ந்திருக்கும், புதுசு வாங்கு என்றார் இன்னொருவர். புதுசு லேசாக இருக்கும், அதிரும், கனமாகப் பார் என்றார் மூன்றாமவர். கனமானதை வைத்தால் தரை விரிசல் விடும் என்றார் மறுபடியும் முதலாமவர். ஆடிட்டர் எல்லோருக்கும் தலையாட்டினார். கடைசியில் தேறியவை இரண்டு: ஒரு கடைக்காரர் போனில் சொன்ன ஐந்து இன்ச் லேத், இன்னொரு கடைக்காரர் சொன்ன பத்து இன்ச் லேத்.

"அஞ்சே தாராளம் அத்தான்," என்றார் மனைவியின் தம்பி. "நீங்க என்ன, கப்பலுக்கா அச்சு கடையப் போறீங்க?"

"சின்னதா யோசிக்கிறவனுக்குச் சின்னது போதும் மச்சான். எனக்குப் பத்து."

"அந்தப் பத்தைத் தூக்கி வைக்க என் இடுப்பைத்தானே கேப்பீங்க!"

அதோடு பேச்சு நின்றது. "உன் தம்பிகிட்ட சொல்லு", "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுக்கா" என்று நடுவில் அக்காதான் தபால் சுமந்தார்.

சனிக்கிழமை மூவரும் கிளம்பினார்கள். முதல் கடையில் ஐந்து இன்ச் லேத் பச்சை நிறத்தில் நின்றது. ஆடிட்டர் அதன் தலையில் இரக்கத்தோடு தட்டினார். "பாவம், பொம்மை மாதிரி இருக்கு."

இரண்டாம் கடையில் பத்து இன்ச் லேத். நீலம். ஆடிட்டர் தன்னையறியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பாருங்க, கம்பீரத்தை! இதுக்கும் அதுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது."

மனைவி கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து இயந்திரத்தின் மேல் நீட்டிப் பிடித்தார். "ஏங்க, அங்கயும் அளந்தேன். நீளம், உயரம், எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

"ஜாக்கெட் அளவா இது? உனக்குப் புரியாது."

"அம்மா சொல்றது சரிதான் சார்," என்றார் கடைக்காரர். "ஒரே கம்பெனி, ஒரே மாடல். பெயின்ட்தான் வேற. சுத்துற இரும்போட நடுவுலேருந்து கீழ பலகை வரைக்கும் உள்ள உயரத்தை அந்தக் கடையில சொல்றாங்க. அஞ்சு. நாங்க முழு வட்டத்தோட அகலத்தைச் சொல்றோம். பத்து. பாதியும் முழுசும் சார், அவ்வளவுதான்."

ஆயுள் முழுக்க ஊரார் கணக்கைத் திருத்தியவர் பத்தில் பாதி எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அக்கா, அப்போ நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?" என்றார் தம்பி.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. ஏங்க, சண்டைதான் தீர்ந்துச்சே, முடிவைச் சொல்லுங்க. பொழுது சாயுது."

ஆடிட்டர் நீலத்தைச் சுற்றி வந்தார். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் நின்று பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"பச்சையில எண்ணெய்க் கறை தெரியாது, இல்ல?" என்றார் மெதுவாக. "ஆனா நீலம்..."

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு, வேறு வேலையில்லாமல், ஆடிட்டர் குளியலறைக் குழாயை முதல்முறையாகக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தேய்ந்திருந்தது ஒரு ரப்பர் வாஷர்.